தங்கையின் பிள்ளை

நவம்பர் 12, 2025
வண்டிப்பெரியாறு. தங்கைக்குப் பனிக்குட நீர் கூடிக்கொண்டே போகிறது. வயிறு இறுகி, படுத்தால் மூச்சு வாங்குகிறது. நாளை மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். கை கால் எலும்புகள் மிகக் குட்டை, தொடை எலும்பு வளைவு, நெஞ்சுக்கூடு குறுகல் என்று ஆகஸ்ட் ஸ்கேனிலேயே வந்துவிட்டது. தனட்டோஃபோரிக் டிஸ்பிளேசியா என்ற எலும்பு வளர்ச்சிக் கோளாறு. பிறந்தாலும் பெரும்பாலும் சில மணி நேரம்தான். 24 வாரம் தாண்டினாலும் மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால் கலைக்க 2021 சட்டத் திருத்தத்தில் இடமுண்டு என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "இருக்கிற வரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்க்கா" என்றாள். அவள் முடிவு. யாரும் மறுபேச்சு பேசவில்லை.

நவம்பர் 24
விடிகாலையில் ஆண் பிள்ளை. பெரிய தலை, முன்தள்ளிய நெற்றி, குட்டிக் கைகால்களில் மடிப்பு மடிப்பாகத் தோல். நுரையீரல் விரிய நெஞ்சில் இடமில்லை. செயற்கை சுவாசம் வேண்டாம் என்று முன்பே பேசியிருந்தோம். நர்ஸ் சேச்சி துணியில் சுற்றி அவள் மார்பில் வைத்தார். மாப்பிள்ளை காதில் பெயர் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், அது அவர்களுடையது. மதியத்துக்குள் போய்விட்டான்.

நவம்பர் 25
கம்பத்தில் அடக்கம் செய்தோம். குமுளி மலைப்பாதை முழுக்க மழை.

டிசம்பர் 7
துக்கம் கேட்க வருகிறவர்கள் அவளைக் கொல்கிறார்கள். செப்டம்பர் 7 கிரகணத்தன்று ராத்திரி வாசலுக்கு வந்தாளாம், அதனால்தானாம். ஸ்கேன் எடுத்தது ஆகஸ்டில்! மாதக் கணக்குகூடவா தெரியாது? இன்னொருத்தி ஏலத்தோட்டத்துப் பூச்சிமருந்து என்கிறாள். மாமியார் வாய் திறக்கவில்லை, ஆனால் பார்வை மாறியிருக்கிறது. அவளோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

ஜனவரி 9, 2026
மரபணு ரிப்போர்ட் வந்தது. எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாற்றம். அந்த மரபணுதான் எலும்பு வளர்ச்சிக்கு பிரேக். நம் எல்லோரிடமும் தேவைப்படும்போது மட்டும் பிடிக்கும். அவனிடம் பிடித்தது விடவே இல்லை. இதே மரபணுவில் வேறொரு இடத்தில் மாறினால் குள்ளமாகப் பிறந்தாலும் முழு ஆயுசு வாழ்கிறார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது.

தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் இந்த மாற்றம் இல்லை. கரு உண்டாகும்போதே புதிதாக வந்தது. அப்போது அவளுக்கு நாள் தள்ளியதுகூடத் தெரிந்திருக்காது. சாப்பாடு, கிரகணம், வேலை எதுவும் காரணமில்லை. அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனாலும் முன்கூட்டியே ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

ரிப்போர்ட்டை மூன்று ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கம்பம் போய் அவள் மாமியாரை உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் இருக்கட்டும்.