காற்றுத்தூண் எங்கே முடிகிறது?

நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி உள்ளிருக்கும் காற்றுத்தூணின் நீளத்தை மாற்றும் ஒத்ததிர்வுக் குழாயை வைத்து ஒலியின் வேகத்தைக் கணக்கிடும் பலர், முதல் ஒத்ததிர்வு (குழாய் உரக்க முழங்கும் நிலை) கிடைத்ததும் அந்தக் காற்றுத்தூண் நீளத்தை நான்கால் பெருக்கி, அதிர்வெண்ணாலும் பெருக்கி, விடையை எழுதிவிடுகிறார்கள். அந்த விடை எப்போதும் குறைவாகவே வரும். அளவுகோலில் கோளாறு தேட வேண்டாம். குழாயின் வாயோடு அலையும் முடிகிறது என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 1 மீட்டர் நீளம், 3 செ.மீ. உள்விட்டம் உள்ள குழாய். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை. காற்றின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். 0 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 மீட்டர் கூடும். ஆக 30 டிகிரியில் 349. அலைநீளம் 68.2 செ.மீ., அதில் கால் பங்கு 17 செ.மீ. ஆனால் நீர்மட்டத்தை மெல்ல இறக்கினால் 16.1 செ.மீ.யிலேயே குழாய் முழங்கிவிடும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் வேகம் 330தான் வரும். 5 சதவீதத்துக்கு மேல் பிழை!

காரணம் இதுதான். நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று மேலும் கீழும் அசைய முடியாது, அங்கே கணு, அதாவது அசைவில்லாத இடம். திறந்த வாயில் எதிர்க்கணு, அசைவு மிகுந்த இடம். முதல் ஒத்ததிர்வில் இரண்டுக்கும் இடையே கால் அலைநீளம். ஆனால் வாயருகே அதிரும் காற்று விளிம்போடு நின்றுவிடாது. வெளியே உள்ள காற்றையும் கொஞ்சம் சேர்த்தே அசைக்கிறது. அதனால் எதிர்க்கணு வாய்க்குச் சற்று மேலே, குழாய் விட்டத்தில் ஏறக்குறைய 0.3 பங்கு தூரத்தில் இருப்பதாகக் கொள்ள வேண்டும். 3 செ.மீ. குழாய்க்கு இந்த முனைத்திருத்தம் 0.9 செ.மீ. குழாய் அகலமானால் திருத்தமும் வளரும்.

ஆகவே இரண்டாவது ஒத்ததிர்வையும் கட்டாயம் எடுங்கள். நம் குழாயில் அது 50.2 செ.மீ.யில் வரும். இரண்டையும் கழித்தால் 34.1, அது சரியாக அரை அலைநீளம். இரு அளவிலும் ஒரே அளவு ஒளிந்திருந்த திருத்தம் கழித்தலில் போய்விட்டது. 2 × 512 × 0.341 = 349. எனக்கு இந்தச் சோதனையிலேயே அழகான இடம் இந்தக் கழித்தல்தான்.

கவையை ரப்பர் திண்டில் தட்டுங்கள். மேசை விளிம்பில் தட்டினால் மேல் அதிர்வெண்களும் கிளம்பி, தவறான நீளத்தில் முழக்கம் கேட்கும். வாய்க்கு மேல் சுமார் 1 செ.மீ. உயரத்தில், ஒரு புயம் மேலே, ஒரு புயம் கீழே என்று வருமாறு கிடையாகப் பிடியுங்கள். அப்போதுதான் புயங்கள் குழாயின் அச்சுத் திசையில் அதிரும். காம்பை அச்சாக வைத்துக் கவையை மெல்லச் சுழற்றிப் பாருங்கள்: ஏறக்குறைய 45 டிகிரியில் ஒலி சட்டென்று மங்கும். புயங்களின் இடையிலிருந்து வரும் அழுத்தமும் வெளிப்பக்கத்திலிருந்து வரும் தளர்வும் அங்கே ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. குழாயில் ஒத்ததிர்வே இல்லை என்று முடிவுகட்டும் முன் இந்தக் கோணத்தைச் சரிபாருங்கள்.

முழக்கம் ஒரே புள்ளியில் வராது. சில மில்லிமீட்டருக்குப் பரவியிருக்கும். நீரை இறக்கும்போது ஓர் அளவு, ஏற்றும்போது ஓர் அளவு எடுத்து சராசரி பாருங்கள். நீள வேறுபாட்டில் 1 மி.மீ. தவறினால் வேகத்தில் நொடிக்கு 1 மீட்டர் தவறும்.

வெப்பமானி குழாய்க்குள் இருக்கட்டும். 15 டிகிரி அறையில் இதே கவைக்கு முதல் ஒத்ததிர்வு 15.7 செ.மீ.க்கு ஏறிவிடும். சுருதி மாறாது, அது கவை தருவது. வேகம் காற்று தருவது. இரண்டுக்கும் ஏற்ப அலைநீளம் தானாக அமைகிறது. நீருக்கு மேலுள்ள ஈரக்காற்றில் வேகம் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கவைக்குப் பதில் கைபேசியில் 512 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிடலாம். ஒலி தேயாது என்பது வசதி. வாயை மூடுகிற மாதிரி மட்டும் வைக்காதீர்கள், முனைத்திருத்தமே மாறிவிடும். சில செ.மீ. தள்ளிப் பிடித்தால் போதும்.

1 மீட்டர் குழாயில் மூன்றாவது ஒத்ததிர்வும் கிடைக்கும், 84.3 செ.மீ. அருகே தேடுங்கள். இரண்டாவதிலிருந்து அதற்குள்ள தூரமும் 34.1 வந்தால் அளவுகள் சரி. வராவிட்டால் மூன்றில் ஏதோ ஒன்று தவறு, மீண்டும் எடுக்க வேண்டும்.