'சேமிக்கப்பட்டது' என்று எப்போது காட்டலாம்?

நெட் இல்லாத இடத்திலும் படிவம் நிரப்ப உதவும் ஒரு வெப் ஆப்பின் பராமரிப்பு என் பொறுப்புக்கு வந்தது. கூடவே ஒரு புகாரும் வந்தது: "சேவ் ஆயிடுச்சுன்னு காட்டுது, திரும்பத் திறந்து பார்த்தா பதிவைக் காணோம்." எல்லாருக்கும் இப்படி ஆகவில்லை, ஆனவர்களுக்கும் எப்போதாவதுதான். பொறுமையாக உட்கார்ந்து நிரப்பிய ஒருவரின் உழைப்பு சத்தமில்லாமல் காணாமல் போவதைவிட மோசமான பிழை இந்த மாதிரி ஆப்பில் இருக்க முடியாது. மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு இதில் இறங்கினேன்.

தரவெல்லாம் பிரவுசருக்குள் இருக்கும் இண்டெக்ஸ்டுடிபி (IndexedDB) என்ற தரவுத்தளத்தில் இருந்தது. பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறந்ததும் கண்ணில் பட்டது டிரான்சாக்ஷன்இன்ஆக்டிவ்எரர். டிரான்சாக்ஷன் என்பது ஒன்றாகவே நிறைவேறும் அல்லது ஒன்றாகவே ரத்தாகும் கோரிக்கைகளின் தொகுப்பு. இண்டெக்ஸ்டுடிபியில் டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு வேலைக்காகக் காத்திருக்க முடியாது. பாக்கிக் கோரிக்கை ஏதும் இல்லாமல் ஈவென்ட் லூப்புக்கு, அதாவது பிரவுசரின் வேலை வரிசைக்கு, கட்டுப்பாடு திரும்பினால் டிரான்சாக்ஷன் தானாகவே கமிட் ஆகிவிடும், அதாவது உறுதியாகி முடிந்துவிடும். இருந்த கோட், டிரான்சாக்ஷனைத் திறந்து பதிவைப் படித்து, நடுவில் சர்வருக்கு ஒரு ஃபெட்ச் (நெட்வொர்க் கோரிக்கை) அனுப்பி, பதில் வந்த பிறகு எழுதப் பார்த்தது. அதற்குள் டிரான்சாக்ஷன் முடிந்திருக்கும். நெட்வொர்க் வேலையை முதலில் முடித்துவிட்டு, அதன்பின் புதிய டிரான்சாக்ஷன் திறந்து எழுதும்படி மாற்றினேன். இடைப்பட்ட நேரத்தில் இன்னொரு டேப் பதிவைத் திருத்தியிருக்கலாம் என்பதால், எழுதும் முன் அதே டிரான்சாக்ஷனுக்குள் மறுபடி படித்து ஒப்பிட வேண்டியிருந்தது.

இந்தப் பிழையாவது கன்சோலில் குரல் கொடுத்தது. புகாரில் சொன்ன பிழைக்குக் குரலே இல்லை.

'சேமிக்கப்பட்டது' என்ற செய்தி, பதிவை எழுதும் புட் கோரிக்கையின் ஆன்சக்சஸில், அதாவது கோரிக்கை வெற்றியானதும் ஓடும் கோடில், காட்டப்பட்டது. அங்கேதான் சந்தேகம் வந்தது. குரோம் டெவ்டூல்ஸில் அப்ளிகேஷன் பகுதியில், ஸ்டோரேஜின் கீழ், சேமிப்பு வரம்பை நாமே குறைத்து வைத்துச் சோதிக்க வசதி உண்டு. வரம்பைச் சில எம்பிக்குக் குறைத்து, ஒவ்வொரு ஈவென்டுக்கும் ஒரு லாக் போட்டு, பெரிய புகைப்படத்துடன் ஒரு படிவத்தைச் சேமித்தேன். முதலில் சக்சஸ் வந்தது. திரையில் பச்சை நிறத்தில் 'சேமிக்கப்பட்டது' வந்தது. அடுத்து, டிரான்சாக்ஷன் ரத்தானதைச் சொல்லும் அபார்ட் வந்தது. அது முழுதாக முடிந்ததைச் சொல்லும் கம்ப்ளீட் வரவே இல்லை. பக்கத்தை ரீலோட் செய்தால் படிவமும் இல்லை, படமும் இல்லை.

கோரிக்கை சக்சஸ் ஆனால் அந்த ஒரு படி நிறைவேறியது என்று மட்டுமே பொருள். டிரான்சாக்ஷன் அபார்ட் ஆனால் அதற்குள் சக்சஸ் ஆன எல்லாமே பின்வாங்கப்படும். அதிலும் இடம் போதாமல் கமிட் நேரத்தில் தோற்றால் எந்தக் கோரிக்கையின் ஆன்எரரும் எழாது. டிரான்சாக்ஷனின் ஆன்அபார்ட் மட்டும்தான் எழும். காரணம் அதன் எரர் பண்பில் கோட்டாஎக்ஸீடட்எரர் என்று இருக்கும். நம் கோடில் அதைக் கேட்க ஆளே இல்லை.

செய்தியை ஆன்கம்ப்ளீட்டுக்கு மாற்றினேன். அபார்ட் ஆனால் படிவம் திரையை விட்டுப் போகாது. இடம் போதவில்லை, அனுப்பி முடித்த படங்களை நீக்கவா என்று கேட்கும். மறுமுயற்சி என்றால் தோற்ற கோரிக்கையை மட்டும் அல்ல, முழு டிரான்சாக்ஷனையும் புதிதாகத் தொடங்க வேண்டும். படத்தையும் எழுத்தையும் தனித்தனி டிரான்சாக்ஷன்களாகப் பிரித்துவிட்டேன். படம் சேராவிட்டாலும் எழுதியது பிழைக்கட்டும் என்பதுதான் நோக்கம். படம் நிலுவையில் இருப்பதைப் பதிவிலேயே குறித்துவைக்கிறேன்.

புதிய பதிவைச் சேர்க்கும் ஆட் கோரிக்கையில் ஒரே கீ (பதிவின் அடையாளம்) இரண்டாவது முறை வந்தால் எழும் கன்ஸ்ட்ரெயின்ட்எரரும் இப்படித்தான். கோரிக்கையின் ஆன்எரரில் பிரிவென்ட்டிஃபால்ட் (பிழையின் இயல்பான விளைவைத் தடுப்பது) அழைக்காவிட்டால் மொத்த டிரான்சாக்ஷனும் போய்விடும். இன்னொரு டேப் தரவுத்தளத்தின் புதிய பதிப்புக்கு அப்கிரேட் கேட்கும்போது, ஆன்வெர்ஷன்சேஞ்சில் பழைய இணைப்பை மூடாவிட்டால் புதிய டேப் பிளாக்ட் நிலையிலேயே நிற்கும்.

கடைசியாக ஒன்று. குரோம் 121 முதல் டியூரபிலிட்டியின், அதாவது எழுதியது வட்டில் நிலைப்பதை எவ்வளவு உறுதிசெய்வது என்ற அமைப்பின், இயல்பு நிலை ரிலாக்ஸ்டு (தளர்வானது). தரவை இயங்குதளத்திடம் ஒப்படைத்ததுமே கம்ப்ளீட் வந்துவிடும். அது வட்டில் இறங்கும் முன் மின்சாரம் போனால் பதிவு போகலாம். அதனால் இறுதிச் சமர்ப்பிப்புக்கு மட்டும் டிரான்சாக்ஷனை ஸ்ட்ரிக்ட் (வட்டில் இறங்கிய பிறகே கம்ப்ளீட் தருவது) என்று கேட்டுத் திறக்கிறேன். அது சற்று மெதுவானது. அடிக்கடி சேமிக்கும் வரைவுகளுக்கு ரிலாக்ஸ்டே போதும்.