பெட்டியடிக்குத் திரும்ப முடியாதவன்

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலை இந்த வாரம் மூன்றாவது முறையாக வாசித்து முடித்தேன். அவருடைய இன்னொரு நாவலான 'புயலிலே ஒரு தோணி'யைக் கொண்டாடுகிறவர்கள் இதை அதன் ஒத்திகை என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பினாங்கின் தமிழ் வட்டிக்கடைகளுக்குள் போர் நுழைந்த விதத்தை அறிய விரும்புகிறவருக்கு நான் முதலில் இதைத்தான் கொடுப்பேன்.

வயிரமுத்துப் பிள்ளையின் கடையில் வேலை பார்த்த செல்லையாவுக்கு முதலாளியின் மகள் மரகதத்தைக் கட்டிக்கொடுப்பதாக இருந்தது. இடையில் அவன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்ததும் திரும்பி வருகிறான். துப்பாக்கி பிடித்த கை வட்டித் தொழிலுக்கு ஆகாது என்று முதலாளி பெண் கொடுக்க மறுத்துவிடுகிறார்.

இந்த மறுப்பின் கனம் விளங்க வேண்டுமானால் அந்தக் கடைகள் நடந்த முறை தெரிந்திருக்க வேண்டும். சின்ன வயதில் கப்பலேறி வந்த பையன் பெட்டியடியில், அதாவது கடையின் மரப்பெட்டிக்குப் பக்கத்தில், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதப் பழகி, அடுத்தாள் என்னும் உதவியாளாகி, பல ஆண்டுகளுக்குப் பிறகே கடையை நடத்தும் மேலாள் ஆவான். ஒரு கணக்கு என்கிற வேலைத் தவணை ஏறக்குறைய மூன்று ஆண்டு, அது முடிந்தால்தான் ஊர்ப்பயணம். வெள்ளைக்காரர்களின் வங்கிகளில் நேராகக் கடன் கிடைக்காத சிறு வியாபாரிகளுக்கும் தோட்டக்காரர்களுக்கும் இந்தக் கடைகள் வழியாகவே பணம் போய்ச் சேர்ந்தது. முதலாளி முன்னால் நிற்கும் விதம், கடன்காரரிடம் குரல் உயராமல் பேசும் விதம் என்று அத்தனையும் பணிவுப் பயிற்சி. அந்தப் பணிவும் கடையின் மூலதனத்தில் ஒரு பங்குதான்.

அதைக் குலைத்தது எது? 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்கு மேலே வந்தபோது, குண்டுவீச்சை அறியாத மக்கள் தெருவில் கூடி அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். அதற்குள் குண்டுகள் விழுந்தன. சில நாட்களில் பிரிட்டிஷ் நிர்வாகம் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகப் படகேற்றி அனுப்பிவிட்டு, மற்ற எல்லாரையும் விட்டுவிட்டுப் போனது. டிசம்பர் 19 அன்று ஜப்பானியர் உள்ளே வந்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அசைக்க முடியாதது என்று நம்பப்பட்ட ஆட்சி ஒரே வாரத்தில் மறைந்ததைக் கண்ணால் பார்த்த இருபது வயதுக்காரனால், எந்த முதலாளி முன்னாலும் பழையபடி கைகட்டி நிற்க முடிந்திருக்காது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு கடைப் பையன்களும் தோட்டத் தொழிலாளர்களும் திரளாகப் படையில் சேர்ந்ததற்கு, தேசப்பற்றோடு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் வயிரமுத்துப் பிள்ளையை என்னால் வெறுக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் தாத்தாவின் பேரேட்டுக்குள் ஜப்பானியர் தங்கள் ஆட்சியில் வெளியிட்ட ஒரு பத்து டாலர் வாழைமர நோட்டு இருக்கிறது. குலை தள்ளிய வாழை அச்சிட்ட அந்தத் தாளில், கேட்டவுடன் பணம் தருவதாக ஜப்பானிய அரசாங்கம் உறுதி சொல்கிறது. வரிசை எண் கிடையாது. எண்ணே இல்லாமல் அடித்துத் தள்ளிய இந்த நோட்டுகளின் மதிப்பு மாதத்துக்கு மாதம் சரிய, போருக்கு முன்னால் நல்ல டாலரில் வாங்கிய கடனைப் பலர் இதிலேயே அடைத்துவிட்டார்கள். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் நோட்டு வெறும் காகிதமாயிற்று. அந்தக் கடன்கள் தீர்ந்தனவா இல்லையா என்பதை முடிவு செய்ய 1948இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. பெட்டி நிறையக் காகிதத்தோடு நின்ற ஒரு கிழவருக்கு, பேரேட்டைப் பழைய பொறுமையோடு மறுபடி முதல் பக்கத்திலிருந்து எழுதக்கூடிய மருமகன்தான் வேண்டும். செல்லையாவின் வீரத்தை அவர் அறியாமல் மறுக்கவில்லை, நன்றாக அறிந்துகொண்டே மறுக்கிறார். காதல் கதையாக மட்டும் வாசிக்கிறவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

சிங்காரமே 1938இல் சுமத்ராவிலுள்ள மேடானுக்குக் கடை வேலைக்குப் போனவர். 1946இல் ஊர் திரும்பி, மதுரையில் நாளிதழ் வேலையில் சேர்ந்து ஓய்வு வரை அங்கேயே இருந்தார். 1950இல் எழுதிய இந்த நாவல் கலைமகள் பரிசு பெற்று அச்சேற 1959 ஆயிற்று. அவரும் பெட்டியடிக்குத் திரும்பவில்லை.