சூடேறினால் மட்டும் மிஸ்ஸிங்: மூன்றாவது சிலிண்டரோடு ஆறு வாரம்

கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போதுதான் முதலில் உணர்ந்தேன். ஸ்டீயரிங் லேசாக உதறியது. சைலன்சரில் தாளம் தப்பி 'புட்... புட்' என்றது. பச்சை விழுந்து வண்டி வேகமெடுத்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. வண்டி 2013 மாடல் செடான், 1.5 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர். 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எல்பிஜியில் ஓடியது.

ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டினால் பி0303 என்ற கோளாறுக் கோடு (code) வந்தது. கடைசி இலக்கம் சிலிண்டர் எண், ஆக மூன்றாவதில் மிஸ்ஸிங், அதாவது அந்தச் சிலிண்டர் சரியாக எரியாமல் தப்புகிறது. இந்தக் கோளாறு எண்ணை ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எப்படிப் போடுகிறது என்று தெரிந்துகொண்டது பின்னால் பெரிதும் உதவியது. ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் கிராங்குக்கு ஓர் உந்து கிடைக்கும். ஓர் உந்து குறைந்தால் அந்த நொடியில் சுழற்சி கொஞ்சம் தணியும். கிராங்க் சென்சார் வழியாக அதைத்தான் ஈசியூ பார்க்கிறது. தீப்பொறி வரவில்லையா, எரிபொருள் வரவில்லையா, அழுத்தம் நிற்கவில்லையா என்பது அதற்குத் தெரியாது.

முதல் வாரம், ப்ளக்கில் தீப்பொறி வரவைக்கும் காயில். மூன்றாவது காயிலை ஒன்றுக்கும், ஒன்றாவதை மூன்றுக்கும் மாற்றிப் போட்டேன். காயில் கெட்டிருந்தால் கோடு பி0301 ஆக மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. ப்ளக்கையும் அதேபோல மாற்றிப் பார்த்தேன், அப்போதும் பி0303தான். புதுக் காயில் வாங்குமுன் இந்த மாற்றிப் போடும் சோதனையைச் செய்யுங்கள். ஒரு பத்து மில்லிமீட்டர் ஸ்பேனரும் ப்ளக் சாக்கெட்டும் போதும். காயில் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தேன், 12 வோல்ட் சரியாக வந்தது. எலி கடித்த தடயமும் இல்லை.

அடுத்து, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர். ஃப்யூயல் ரெயிலைக் கழற்ற உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்த வண்டியில் பெட்ரோலுக்கு நான்கு இன்ஜெக்டர், கேஸுக்குத் தனியாக நான்கு. பெட்ரோலில் ஓட்டினாலும் மூன்றில்தான் மிஸ்ஸிங், கேஸில் ஓட்டினாலும் மூன்றில்தான். இரண்டு செட்டிலும் ஒரே சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒரே நாளில் கெட வாய்ப்பில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். கேஸ் வண்டி வைத்திருப்பவர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும் சோதனை இது.

மிச்சம் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் நிற்கும் அழுத்தம். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே கேஜ் வைத்துப் பார்த்தேன்: 178, 175, 168, 176 பிஎஸ்ஐ. நான்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 'இன்ஜின் உள்ளே நல்லாத்தான் இருக்கு' என்று முடிவுகட்டி, அடுத்த இரண்டு வாரம் இன்டேக் கேஸ்கெட், வேக்குவம் ஹோஸ், எர்த் ஒயர் என்று சுற்றினேன். எல்லாம் சரியாகவே இருந்தன.

எங்கள் தெருவில் நாற்பது வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன் இருக்கிறார். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"மிஸ்ஸிங் எப்ப வருது தம்பி? எடுத்த உடனேயா?"

"இல்லண்ணே, பத்து நிமிஷம் ஓடுன பிறகுதான்."

"அப்ப நீ எதுக்குப் பச்சத்தண்ணி மாதிரி இருக்கிற இன்ஜின்ல கம்ப்ரஷன் பாத்த? கேஸ் வண்டி வேற. டேப்பட்டைப் பாரு."

அன்று மாலையே அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, ஃப்யூயல் ஃப்யூஸையும் காயில் கனெக்டர்களையும் எடுத்து, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துப் பார்த்தேன்: 180, 176, 112, 175. கேஜைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். மூன்றாவதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றித் திரும்பவும் பார்த்தேன். எண் ஏறவில்லை. பிஸ்டன் ரிங் தேய்மானமென்றால் ஆயில் அடைத்துக்கொண்டு ஏறியிருக்கும். பெரும்பாலும் கசிவது வால்வில்தான். ஒரு விஷயம்: சூட்டில் ப்ளக் கழற்றும்போது அலுமினியம் ஹெட்டில் மரை போய்விடலாம், கை நிதானமாக இருக்கட்டும்.

மறுநாள் காலை, ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில் டேப்பட் கவரைத் திறந்தேன். டேப்பட் என்று சொல்வது, வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் ராக்கர் என்ற கைக்கும் நடுவே விடும் சிறு இடைவெளியைத்தான். இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வு இடைவெளி 0.26 முதல் 0.30 மி.மீ. இருக்க வேண்டும். மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டனை டாப்புக்குக் கொண்டுவந்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்தால், ஒரு எக்ஸாஸ்ட் வால்வில் 0.05 தகடே இழுத்துப் பிடித்தது. பக்கத்து வால்வில் 0.13. மற்ற சிலிண்டர்களிலும் எக்ஸாஸ்ட் எல்லாம் 0.18, 0.20 என்று இறுகித்தான் இருந்தன. இன்டேக் வால்வுகள் அளவில் இருந்தன.

டேப்பட் என்றால் தேயத் தேய இடைவெளி கூடும், 'டக் டக்' என்று சத்தம் வரும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கேஸில் நடப்பது நேர்மாறு. எல்பிஜி காய்ந்து எரிவதால் வால்வும் அது உட்காரும் சீட்டும் நேருக்கு நேர் உரசித் தேய்கின்றன. வால்வு சீட்டுக்குள் ஏற ஏற அதன் தண்டு ராக்கரை நோக்கி உயர்கிறது, இடைவெளி குறைகிறது. சத்தம் வராது, சொல்லப்போனால் இன்ஜின் முன்னைவிட அமைதியாகவே இருக்கும். சூடேறித் தண்டு நீண்டதும் அந்த 0.05-ம் காணாமல் போய் வால்வு முழுதாக மூடாமல் நிற்கிறது. வேகமாக ஓடும்போது கசிய நேரமில்லை, அதனால் தெரிவதில்லை. ஸ்லோவில் நிற்கும்போது அழுத்தமெல்லாம் வெளியே போய்விடுகிறது. சிக்னலில் மட்டும் உதறியதற்குக் காரணம் இதுதான். வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டில் உட்காரும்போதுதான் இறக்கும். அது சரியாக உட்காராவிட்டால் வால்வே கருகிவிடும். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் ஹெட்டை இறக்க வேண்டியிருக்கும்.

எட்டு எக்ஸாஸ்ட் வால்வையும் 0.28-க்கு வைத்தேன். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே சுற்றும், ஒவ்வொன்றையும் இறுக்கியபின் மறுபடி அளக்க வேண்டும். இரண்டில் நான் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. புது கேஸ்கெட்டோடு கவரை மூடி ஸ்டார்ட் செய்தபோது டேப்பட் சத்தம் லேசாகக் கேட்டது. அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக இருந்தது!

மூன்று வாரம், 640 கி.மீ. ஆகிவிட்டது. கோடு திரும்பவில்லை, சிக்னலில் உதறலும் இல்லை. ஆனால் சூட்டில் மூன்றாவதின் கம்ப்ரஷன் 152 வரைதான் ஏறியிருக்கிறது. வால்வு முகம் கொஞ்சம் கருகியிருக்கலாம் என்று நினைக்கிறேன். இப்போதைக்குப் பெட்ரோலில்தான் ஓட்டுகிறேன். 5,000 கி.மீ. ஆனதும் கம்ப்ரஷனையும் டேப்பட்டையும் மறுபடி அளந்து, எண்களை இங்கேயே எழுதுகிறேன்.