அம்மாவின் குடும்ப பென்ஷனும் அப்பாவின் எபெனேசர் நோட்டும்

போன வாரம் அம்மாவின் கணக்கில் குடும்ப பென்ஷன் ஏறிவிட்டது. அப்பா போய் ஏழு மாதம். அதில் ஐந்தரை மாதம் ஒரே ஒரு பெயருக்காகப் போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இறப்புச் சான்று, பாஸ்புக், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) புத்தகம், போட்டோ எல்லாம் பத்து நாளில் தயார். (இறப்புச் சான்றில் இனிஷியல் முதற்கொண்டு வாங்கும் இடத்திலேயே சரிபார்த்துவிடுங்கள். இறந்த பிறகு அவர் கணக்கில் ஏறும் பென்ஷனை எடுக்காதீர்கள், திருப்பிக் கேட்பார்கள்.) மனுவைக் கொடுத்தால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அலுவலகத்தின் பெயர் வேண்டாம். மூன்றாவது மேஜைக்காரர் பி.பி.ஓ.வையும் ஆதாரையும் அருகருகே வைத்து மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல மனைவி பேரு எஸ்தர். நீங்க பாக்கியம்னு ஒருத்தங்க ஆதாரைக் குடுக்கிறீங்க. எஸ்தர் யாரு, மூத்த சம்சாரமா?"

கொஞ்சம் சத்தமாகவே கேட்டார். வரிசையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மடியில் இருந்த பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

நம் வீடுகளில் இது சாதாரணம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஊர் கூப்பிடும் பெயர் ஒன்று. அப்பா தன் பணிப்பதிவேட்டில் எஸ்தர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவரிடம் பாட்டி பாக்கியம் என்று சொல்லிவிட்டாள், அதுவே ஆதார் வரைக்கும் வந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால், அப்பா உயிரோடு இருக்கும்போதே அவரே மனுப் போட்டுச் சரிசெய்துவிடுங்கள். அவர் கையெழுத்தோடு போகும் மனுவுக்கும் பின்னால் நாம் கொண்டுபோகும் மனுவுக்கும் இருக்கும் வித்தியாசத்தை நான் பார்த்துவிட்டேன்.

முதலில் நோட்டரியிடம் போய் இரண்டு பெயரும் ஒருவரே என்று அஃபிடவிட் போட்டோம். "இது நீங்களா சொல்றது. அந்தக் காலத்து ஆதாரம் ஏதாவது கொண்டாங்க" என்றார்கள். அந்தக் காலத்தில் அம்மாவின் இரண்டு பெயரும் சேர்ந்து இருக்க வாய்ப்புள்ள ஒரே இடம் சர்ச்சில் இருக்கும் கல்யாணப் பதிவேடு.

அம்மாவுக்கு இரண்டு வருடமாகக் கொஞ்சம் மறதி. அடுப்பில் பாலை வைத்தது மறந்துபோகும். பைபிளின் நூற்றுமூன்றாம் சங்கீதம் மறக்காது. கல்யாணம் எந்தக் கோவிலில் என்று கேட்டேன். "ஊர்க் கோவில்லதான்" என்றாள். பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். "பின்ன வேற எங்க? நான்தானே உக்காந்து மாலை கட்டுனேன்" என்று அடித்துச் சொன்னார். ஊர் உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, அந்தப் பக்கத்துக் கோவில்களுக்கான சேகர அலுவலகத்துக்குப் போனால் பூட்டு. அன்றைக்குத் திங்கட்கிழமை. ஞாயிறு முழுக்க ஊர் ஊராக ஆராதனை நடத்தும் ஆயர்கள் பலருக்குத் திங்கள்தான் ஓய்வு நாள் என்பது தெரிந்தும் யோசிக்காமல் போனேன். நீங்கள் போகாதீர்கள்.

மறுபடி வியாழக்கிழமை போனேன். அங்கிருந்த செயலர் அண்ணன் நல்ல மனுஷன். 1978, 79, 80 மூன்று வருடத்தையும் வரி வரியாகப் பார்த்தார். இல்லை. "நல்லா விசாரிச்சீங்களாம்மா?" என்றார். திரும்பும்போது செக்கானூரணியில் பஸ் நின்றபோது டீ வாங்கக்கூட மனசில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவளின் கல்யாணம் எந்தத் தாளிலும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?" என்று எழுபத்தேழாம் சங்கீதத்தில் ஆசாப் கேட்பான். அதற்கு இரண்டு வசனம் தள்ளி, பூர்வகாலத்து அதிசயங்களை நினைவுகூருவேன் என்பான். நான் முதல் கேள்வியிலேயே நின்றிருந்தேன். அப்பாவின் நோட்டை எடுத்தது ஆறுதலுக்காக என்று சொன்னால் பொய். இத்தனை பக்கம் ஸ்தோத்திரம் எழுதி என்ன கண்டீர்கள் என்று கேட்கத்தான் எடுத்தேன்.

எபெனேசர் நோட்டு என்போம். நீளமான கணக்கு நோட்டு, கறுப்பு அட்டை. ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் தேதியும் வருஷக் கடைசி ஆராதனைக்குக் கிளம்பும் முன் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுவார். மேலே "இம்மட்டும்" என்று ஒரு வார்த்தை. மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே கல் நிறுத்தி, அதற்கு எபெனேசர் என்று பெயரிட்டு, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்று சாமுவேல் தீர்க்கதரிசி சொன்னதன் முதல் வார்த்தை. கீழே கணக்கு எழுதுகிற மாதிரிதான் இருக்கும். சைக்கிள் டியூப் மாற்ற யார் கடன் கொடுத்தார், அண்ணனுக்குக் காமாலை எத்தனை நாளில் இறங்கியது, எல்லாம் தேதியோடு. நாங்கள் கேலி செய்திருக்கிறோம். டியூபுக்கெல்லாம் சாட்சியா என்று.

பழைய வாக்குத்தத்த அட்டைகளையும், அதாவது புது வருஷத்துக்கென்று கோவிலில் எடுக்கும் வசன அட்டைகளையும், அதில்தான் செருகி வைத்திருந்தார். இதை நான் கவனித்ததே இல்லை. நாமெல்லாம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வரப்போகும் வருஷத்து அட்டையை முண்டியடித்து எடுக்கிறோம். போன வருஷத்து அட்டை எங்கே என்று கேட்டால் தெரியாது. அப்பா ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் அந்த வருஷம் என்ன ஆனது என்று பென்சிலில் இரண்டு வரி குறித்திருந்தார். சிலவற்றில் "இன்னும் இல்லை" என்று மட்டும்.

1987ஆம் வருடப் பக்கத்தில் "தம்பி கர்த்தருக்குள் நித்திரையடைந்தான். பதினொரு நாள்" என்று இருக்கிறது. பிறந்து பதினொரு நாளில் இறந்துபோன என் தம்பி. அதற்கு மேலும் அதே "இம்மட்டும்". பள்ளிக்கூடம் படிக்கும்போது இதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கோபமாகக் கேட்டிருக்கிறேன், இது எப்படி உதவி ஆகும் என்று. அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. 1 சாமுவேல் நாலாம் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்தார். ஏழாம் அதிகாரத்துக் கல்லுக்கு முன்னாலேயே எபெனேசர் என்ற பெயர் அங்கே வருகிறது. இஸ்ரவேலர் பாளயமிறங்கிய இடம். முதல் நாள் நாலாயிரம் பேர், அடுத்து முப்பதாயிரம் பேர் விழுந்து, உடன்படிக்கைப் பெட்டியையே பறிகொடுத்த சண்டை. "தோத்த இடத்துப் பேரைத்தான், பாப்பா, சாமுவேல் கல்லுக்கு வச்சான்" என்றார். அன்றைக்கு எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. இன்றைக்கும் முழுக்கப் படவில்லை. ஆனால் மறக்கவும் முடியவில்லை.

அப்படிப் புரட்டிக்கொண்டு போனதில்தான் முதல் பக்கத்துக்கு வந்தேன். 1979. "ஐப்பசி மழை. ஓடையில் வெள்ளம், ஊர்க் கோவிலுக்கு ஆயர் வரக் கூடவில்லை. திருமங்கலம் கோவிலில் சாயங்காலம் 4 மணிக்குத் தாலி கட்டினேன். வேட்டி முழங்கால் மட்டும் சேறு. மூன்றாம் நாள் ஊரில் சாப்பாடு. குறைவில்லை."

அம்மாவை எழுப்பிக் காட்டினேன். கண்ணாடி போட்டு வாசித்தாள். "ஆமா, சேறு" என்றாள். அப்புறம் சிரித்தாள். பெரியம்மா கைப்பிள்ளையோடு ஊரிலேயே தங்கிவிட்டார். அவர் கட்டிய மாலை மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குத்தான்.

நாங்கள் இருப்பது பசுமலையில். திருமங்கலம் எங்களுக்குப் பக்கம், நேர் பஸ். அதை விட்டுவிட்டு உசிலம்பட்டிக்கு இரண்டு தடவை அலைந்திருக்கிறேன். முன்கூட்டியே போன் செய்து, தேதி சொல்லி, செவ்வாய்க்கிழமை போனேன். ஆயர் பீரோவைத் திறந்தார். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு முந்தைய மிஷன் காலத்துப் பதிவேடுகளும் கீழ்த்தட்டில் துணி சுற்றி இருந்தன. எங்களுடையது அடுத்த தட்டில். தேதி கையில் இருந்ததால் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மணமகள் பெயர்: எஸ்தர் என்ற பாக்கியம்.

கீழே அம்மாவின் கையெழுத்து. முதலில் "பாக்" வரை எழுதி, யாரோ சொல்லியிருக்க வேண்டும், அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் "எஸ்தர்" என்று எழுத்துக் கூட்டி எழுதியிருந்தாள். பேனா அழுத்தியதில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது.

உண்மை நகல் கேட்கும்போது பெயரைப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். சிலர் சுருக்கிவிடுவார்கள், அப்புறம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு பிரதி வாங்குங்கள். 1872ஆம் வருடத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நடந்தது என்று ஒரு வரி சேர்க்கும்படி கேட்டேன், ஆயர் உடனே சேர்த்துக் கொடுத்தார். அந்த வரிதான் காப்பாற்றியது. மூன்றாவது மேஜைக்காரர் நகலைத் தொடாமலே, "கோவில் லெட்டர் செல்லாது, சார்பதிவாளர் ஆபீஸ் சான்று வேணும்" என்றார். நான் எழுந்து நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போய்விட்டேன். கண்காணிப்பாளர் அம்மா முழுக்க வாசித்தார். அடிக்கப்பட்ட கையெழுத்தைச் செல்போனில் படமெடுத்து வைத்திருந்தேன், அதையும் பார்த்தார். "இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்று பச்சை மையில் குறிப்பு எழுதிக் கொடுத்தார். பத்து நிமிஷம். ஐந்தரை மாதத்துக்கு முன்னாலேயே அந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

பணம் ஏறிய அன்றைக்கு ராத்திரி நோட்டை எடுத்தேன். டிசம்பர் வரை பொறுக்க முடியவில்லை. போன டிசம்பரில் அப்பா எழுதிய பக்கத்தில் கோடுகள் கோணல்மாணலாக இருந்தன. அடுத்த பக்கத்தில் மேலே "இம்மட்டும்" என்று எழுதிவிட்டு, ஆயர் பீரோவைத் திறந்தது, கண்காணிப்பாளர் எழுதிக் கொடுத்தது, தொகை, தேதி எல்லாம் குறித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"மூத்த சம்சாரமான்னு கேட்டானே, அது எங்க?" என்றாள்.

"அது எதுக்கும்மா இதுல?"

"நடந்ததுதானே. எழுது."