கல்லாவுக்குள் போன அட்வான்ஸ்

ஜூலை 1, 2025, செவ்வாய்

மாடி வீட்டுத் தம்பி நேற்று இரவு காலி செய்துவிட்டான். சாவியைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. டிசம்பரிலிருந்து ஏழு மாத வாடகை பாக்கி. மாதம் 9,000 வீதம் 63,000. வேலை போன கதை எனக்கும் தெரியும் என்பதால் நானும் குரலை உயர்த்தவில்லை. "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் அண்ணே" என்றான்.

2022-இல் அவன் தந்த அட்வான்ஸ் 75,000. கழித்தால் நான்தான் அவனுக்கு 12,000 தர வேண்டும். வெள்ளையடிக்கவும் உடைந்த சுவிட்சுகளை மாற்றவும் 5,000 பிடித்துக்கொண்டு 7,000 கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த 75,000 எங்கே போனது? வாங்கிய வாரமே நாச்சியார்கோவில் குத்துவிளக்காக மாறிக் கடைக்கு வந்துவிட்டது. இரண்டு ஜோடி இன்னும் மேல்தட்டில் துணி சுற்றியபடி நிற்கின்றன. எனவே இன்று கொடுத்த 7,000-மும் கல்லாவிலிருந்துதான். கடை நோட்டில் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் "வீட்டுச் செலவு" என்று எழுதிவைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வீட்டில் எல்லோரும் காவிரிப் படித்துறைக்குப் போயிருந்தார்கள். நான் வருமான வரிக் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். வழக்கமான ஜூலை 31 கெடுவை இந்த முறை செப்டம்பர் 15 வரை நீட்டித்திருக்கிறார்கள் என்ற தைரியத்தில்தான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன்.

கடைக் கணக்கு சுலபம். பாத்திரக் கடை நடத்தும் என்னைப் போன்றவர்களுக்கு 44ஏடி என்ற பிரிவு இருக்கிறது. ஆண்டு விற்பனை 2 கோடிக்குள் இருந்தால் முழுக் கணக்குப் புத்தகம் கேட்பதில்லை. ரொக்க விற்பனையில் 8 சதவீதமும், வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதமும் லாபம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் சம்பாதித்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும். எவர்சில்வரில் போட்டி இருக்கும் இருப்பில் அந்தக் கவலை எனக்கு இல்லை.

சென்ற நிதியாண்டின் விற்பனை 84 லட்சம். ஜி.எஸ்.டி. கணக்கில் காட்டிய தொகையோடு ஒத்துப்பார்த்தேன், சரியாக இருந்தது. 54 லட்சம் வங்கி வழியாக வந்திருக்கிறது. கல்லா மேசையில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையும், பணம் வந்ததும் உரக்கக் கத்தும் அந்தச் சின்னப் பெட்டியும் செய்த வேலை. முதலில் அதன் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. 54 லட்சத்துக்கு 3,24,000, ரொக்கம் 30 லட்சத்துக்கு 2,40,000, ஆக 5,64,000 என்று கூட்டிப் பார்த்த பிறகு பிடிக்கிறது. அத்தனையும் ரொக்கமாக வந்திருந்தால் லாபக் கணக்கு 1,08,000 கூடியிருக்கும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆடிட்டரிடம் போனேன். என்னைவிட இருபது வயது சிறியவர். என் அப்பாவின் கணக்கை அவருடைய அப்பா பார்த்தார்.

முதல் அடி படிவத்தில். 44ஏடி-யில் வருகிறவர்களுக்கு எளிய படிவம் ஒன்று உண்டு, ஐ.டி.ஆர். 4. அதற்கு அரசு வைத்த பெயர் 'சுகம்'. ஒரு வீட்டு வருமானம் வரைக்கும்தான் அதில் இடம். எனக்கு மாடி ஒன்று, அப்பாவின் பழைய வீடு ஒன்று, இரண்டும் வாடகைக்கு. "சுகம் உங்களுக்குக் கிடையாது அண்ணே, மூன்றாம் எண் படிவம்தான்" என்றார். பல நாளாகச் சொல்லக் காத்திருந்ததைப் போலச் சொன்னார்.

அடுத்தது வாடகை. அப்பா வீட்டில் மாதம் 12,000 ஒழுங்காக வருகிறது. மாடியில் மார்ச் வரை நான்கு மாதம், 36,000 வரவே இல்லை. வராத வாடகைக்கு ஏன் வரி என்று கேட்டேன். கேள்வி நியாயமானதுதான் என்று ஒப்புக்கொண்டு, கைக்கு வராத வாடகையைக் கழிக்க விதி இருக்கிறது என்றார். வாடகை ஒப்பந்தம் உண்மையானதாக இருக்க வேண்டும். குடியிருந்தவர் காலி செய்திருக்க வேண்டும், அல்லது காலி செய்ய வைக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். நம்முடைய வேறு வீட்டில் அவர் குடியிருக்கக் கூடாது. வழக்குப் போட்டிருக்க வேண்டும், அல்லது வழக்கால் பயனில்லை என்று காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

"அட்வான்ஸ் எவ்வளவு?"

"75,000."

"பாக்கியை அதில் கழித்துக்கொண்டீர்களா?"

"ஆமாம்."

"அப்படியென்றால் வாடகை வந்துவிட்டது, அண்ணே."

ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் கைக்கு வந்த அன்று வருமானம் இல்லை, சரி. வாடகைக்கு ஈடாகக் கழித்த கணத்தில் அது வாடகை ஆகிவிடுகிறது. மூன்று வருடத்துக்கு முன் செலவழித்த பணத்துக்கு இன்று வரி. அந்த 36,000-க்கு மட்டும் என் தலையில் விழுவது 2,600 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

வெள்ளையடித்த செலவையாவது கழிக்கலாமா என்று கேட்டேன். கூடாதாம். சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தைப் பழுதுபார்ப்புக்கென்று அவர்களே கழித்துவிடுகிறார்கள். வெள்ளையடித்தாலும் அடிக்காவிட்டாலும் அதே 30 தான்.

பிறகு சொத்து வரி. வாடகைப் பகுதிகளுக்கு அரையாண்டுக்கு 2,500. அக்டோபரில் கட்ட வேண்டியதை மறந்து, ஏப்ரல் 7-ஆம் தேதி புது அரையாண்டோடு சேர்த்துக் கட்டினேன். முப்பது நாளுக்குள் கட்டியதால் புதியதற்கு 5 சதவீதம், 125 ரூபாய் தள்ளுபடி என்று வீட்டில் பெருமையடித்தது நினைவிருக்கிறது. ஆடிட்டர் ரசீதைத் திருப்பித் தேதியைக் காட்டினார். எந்த ஆண்டில் கட்டினோமோ அந்த ஆண்டில்தான் கழிக்கலாம். மார்ச் 31 தாண்டிவிட்டது. பழைய அரையாண்டின் 2,500-ஐ இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

"அடுத்த ஆண்டுக் கணக்கில் வருமல்லவா?"

"வரும். ஆனால் 2025 ஏப்ரல் முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே வராதபடி தள்ளுபடி இருக்கிறது. உங்கள் வருமானத்துக்கு வரியே இல்லாத ஆண்டில் அந்தக் கழிவை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?"

நஷ்டம் 182 ரூபாய்தான். அக்டோபரிலேயே கட்டியிருந்தால் இன்னொரு 125-மும் கிடைத்திருக்கும். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கணக்கு முடிந்தது. வாடகை 2,52,000. சொத்து வரி 2,500-ம், மீதியில் 30 சதவீதமும் போக 1,74,650. வைப்பு வட்டி 46,000. கடையோடு சேர்த்து 7,84,650. வரி போட இரண்டு முறை உண்டு. பழைய முறையில் எல்.ஐ.சி., பி.பி.எஃப்., மருத்துவக் காப்பீடு எல்லாம் கழித்தும் வரி 36,431. புதிய முறையில் எதையும் கழிக்காமலே 29,604. இருபது வருடமாக வரிக்காகவே கட்டிவந்த பாலிசிகளை எண்ணினால் சிரிப்பு வருகிறது.

வட்டியிலிருந்து வங்கி வரியாகப் பிடித்த 4,600-ம், மார்ச் 14-இல் நான் குத்துமதிப்பாகக் கட்டிய முன்வரி 10,000-மும் போக 15,004. அந்தக் குத்துமதிப்பில் மாடி வாடகை பாக்கியை விட்டுவிட்டேன், கடை விற்பனையையும் குறைத்துப் போட்டேன். 44ஏடி-காரர்கள் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் முழுவதும் கட்ட வேண்டும். குறைத்துக் கட்டியதற்கு வட்டி 900. நான் பாக்கிக்காரர்களிடம் வட்டி கேட்பதில்லை.

ஆகஸ்ட் 23, சனி

ஆவணி முகூர்த்தம். காலையிலிருந்து சீர்வரிசைப் பாத்திரம் வாங்க வந்தவர்கள் கடையை நிறைத்துவிட்டார்கள். இரவு பத்தரைக்கு உட்கார்ந்து 15,900 வரியை இணையத்தில் கட்டினேன். ரசீது வந்த பிறகு பார்க்கிறேன், மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று இருக்கிறது! 2025-26 இருக்க வேண்டிய இடம். 2024-25-இல் சம்பாதித்ததை 2025-26 என்று எழுத வேண்டிய இந்த ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ.

கொடுமை என்னவென்றால், இந்தக் குழப்பத்துக்கு முடிவு வந்துவிட்டது என்று நேற்றைய பேப்பரில் படித்துவிட்டுத்தான் இதைச் செய்திருக்கிறேன். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வரும் புதிய வருமான வரிச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் 21-ஆம் தேதி ஒப்புதல் கொடுத்துவிட்டார். 2026 ஏப்ரல் 1 முதல் மதிப்பீட்டு ஆண்டு என்பதே கிடையாது, 'வரி ஆண்டு' ஒன்றுதான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆடிட்டரைத் தொலைபேசியில் எழுப்பினேன். ஆண்டைத் தவறாகப் போட்டால் ஏழு நாளுக்குள் அதே தளத்தில் நாமே திருத்தக் கோரலாமாம். கோரிவிட்டேன். மத்தியானச் சாப்பாடு இறங்கியது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

திருத்தம் ஏறிவிட்டது. ஆடிட்டர் அலுவலகத்தில் படிவத்தைத் தாக்கல் செய்தோம். முழுக் கணக்கு வேண்டாம் என்றாலும், மார்ச் 31 அன்று கல்லாவில் இருந்த ரொக்கம், சரக்கிருப்பு, வர வேண்டிய பாக்கி, தர வேண்டிய பாக்கி நான்கையும் கேட்கிறது. சரக்கிருப்பில் அந்த இரண்டு ஜோடி குத்துவிளக்கும் உண்டு. ஆதார் எண்ணோடு இணைத்த கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்கத்தைப் போட்டதும் ஒப்புகை வந்தது. இதை முப்பது நாளுக்குள் செய்யாவிட்டால் தாக்கல் செய்ததும் வீணாம்.

கிளம்பும்போது ஆடிட்டர் ஒன்று சொன்னார். "அடுத்த அட்வான்ஸை ரொக்கமாக வாங்காதீர்கள், கடைக் கணக்கிலும் போடாதீர்கள்."

செப்டம்பர் 1, திங்கள்

மாடிக்கு ஆள் வந்துவிட்டார்கள், கணவன் மனைவி இருவரும் பள்ளி ஆசிரியர்கள். ஆடியில் குடிவர மாட்டோம் என்று ஆவணிக்காகக் காத்திருந்தவர்கள். வாடகை 10,000, அட்வான்ஸ் 60,000. அவர் மஞ்சள் பையிலிருந்து நோட்டுக்கட்டை எடுக்கும்போது என் கை தானாக நீண்டுவிட்டது. உள்ளிருந்து வந்த என் மனைவி, "பேங்கில் போட்டுவிடுங்கள் சார்" என்று ஒரு சீட்டை நீட்டினாள். அவள் பெயரில் ஐந்து வருடமாகச் சும்மா கிடந்த சேமிப்புக் கணக்கின் எண். அவர் பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

ராத்திரி கேட்டேன், அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு எங்கே என்று. தொலைந்துபோய்விட்டது என்றாள்.