தமக்கான வேடத்தைத் தாமே எழுதியவர்கள்

நேற்று மாலை வேலூர்க் கோட்டை அகழியோரம் அமர்ந்திருந்தபோது, நடிக்க வாய்ப்புத் தேடி மூன்றாண்டுகளாகக் காட்பாடியில் சென்னைக்கு ரயிலேறும் என் அக்கா மகன், நீல மையில் அடித்தும் திருத்தியும் எழுதிய திரைக்கதை நோட்டுப் புத்தகம் ஒன்றை நீட்டி, "படிச்சுப் பாருங்க மாமா" என்றான். ஹாலிவுட் நடிகர்கள் மாட் டேமனும் பென் அஃப்லெக்கும்தான் உடனே நினைவுக்கு வந்தார்கள்.

ஹார்வர்டில் நாடக எழுத்து வகுப்புக்காக டேமன் தொடங்கிய சில பக்கங்களைச் சிறுவயது நண்பர்களான இருவரும் 'குட் வில் ஹண்டிங்' என்ற திரைக்கதையாக வளர்த்தார்கள். அதில் தாங்களே நடிப்போம் என்பதில் உறுதியாக நின்றார்கள். படம் 1997இல் வெளிவந்தது. மறு ஆண்டு அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றபோது டேமனுக்கு வயது 27, அஃப்லெக்குக்கு 25. விருதைக் காட்டிலும் நான் மதிப்பது வேறொன்றை: முதல் வடிவத்தில் இருந்த பரபரப்புக் கதையை மனம் ஒப்பி வெட்டிவிட்டு, தரை துடைக்கும் ஒரு கணித மேதைக்கும் அவனுடைய மனநல ஆலோசகருக்கும் இடையிலான உறவையே மையமாக்கினார்கள்.

என் மருமகனின் நோட்டிலும் துரத்தல் காட்சிகள் நிறைய உண்டு. ஆனால், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையிலிருந்து திரும்பிய தந்தையும் மகனும் ஒரு சொல்லும் பேசாமல் சாப்பிடுகிற பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தின் முனையை மடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.